இருட்டுக்கு ஒரு காவலூர்!

பிப்ரவரி 14, 2026. சனிக்கிழமை சாயங்காலம் நீங்க எங்கே இருந்தீங்க, யாரோட இருந்தீங்கன்னு கேட்டு சங்கடப்படுத்த மாட்டோம். நாங்க ஆறு பேர் மலை ஏறிக்கிட்டு இருந்தோம். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை... மூணு பேரையும் பார்க்கிறதா பிளான். சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்தாங்க. காக்க வைக்கலை. பொறாமைப்படாதீங்க பாஸ், மூணுமே நட்சத்திரம்!

போன இடம் காவலூர். திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை. சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூருவிலிருந்து சுமார் 175 கிலோமீட்டர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கு. எங்க காலேஜ் அஸ்ட்ரானமி கிளப்ல மொத்தம் பதினோரு பேர். அதில் இந்த தேதிக்கு சும்மா இருந்தவங்க ஆறு பேர். மெக்கானிக்கல் ரெண்டு, ட்ரிபிள்ஈ ரெண்டு, இ.சி.இ. ஒண்ணு, சிவில் ஒண்ணு. முன்கூட்டியே லெட்டர் கொடுத்து அனுமதி வாங்கியாச்சு. பிப்ரவரி 17 அமாவாசை. அதனால் சாயங்கால வானத்தில் நிலா தொந்தரவு கிடையாது.

வாணியம்பாடி ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரு வேன் பிடித்து ஆலங்காயம் வழியாக மேலே. ஆலங்காயம் தாண்டினதுமே காற்று மாறுது. வளைவுக்கு வளைவு காடு நெருங்குது. சந்தன மரத்துக்குப் பேர் போன மலை இது. மலையாளி பழங்குடி மக்கள் சாமை விதைக்கிற மலை. ‘ஊட்டி மாதிரி இருக்குமா?’ன்னு ஸ்வெட்டரோடு வந்த சிவில் நண்பன் கொஞ்சம் ஏமாந்துட்டான். ஆய்வகம் இருக்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான். ஆனா, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குளிர் முக்கியமில்லை. அவர் தேடினது இருட்டு!

இருட்டைத் தேடி அலைந்தவர்

வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். மேற்படிப்புக்கு ஹார்வர்டு போனார். 1949-ல், அங்கே மாணவராக இருக்கும்போதே, ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பார்ட் போக், கார்டன் நியூகிர்க் பெயர்களோடு சேர்த்து அதற்கு ‘பாப்பு–போக்–நியூகிர்க்’ என்றே பெயர். அப்போது அவருக்கு வயது 22-ஐ எட்டியோ, எட்டாமலோ இருக்கும். நம்மில் பாதிப் பேர் அந்த வயதில் அரியர் கிளியர் பண்ணிக்கிட்டு இருப்போம், சரி விடுங்க.

அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கலை. இந்தியா திரும்பி, 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். 1899-ல் தொடங்கின கொடைக்கானல், சூரியனைப் பார்க்க அருமையான இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் வேணும். மேகம் குறைவாக இருக்கணும், நகர வெளிச்சம் எட்டக் கூடாது, முடிந்தவரை தெற்கே இருக்கணும்.

அது என்ன தெற்கு? பூமத்திய ரேகைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீங்களோ, அவ்வளவு தெற்கு வானம் உங்களுக்குத் தெரியும். காவலூர் ஏறத்தாழ 12.5 டிகிரி வடக்கு. வட துருவத்தில் நிற்கிறவருக்கு வானத்தில் பாதி வாழ்நாள் முழுக்கத் தெரியாது. காவலூர்க்காரருக்கு, வருஷத்தில் ஏதோ ஒரு ராத்திரி, கிட்டத்தட்ட முழு வானமும் தெரிந்துவிடும். தெற்குச் சிலுவை உட்பட!

இப்படித்தான் ஜவ்வாது மலை மாட்டியது. 1968-ல் வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பம். 1972-ல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் கம்பெனி செய்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவின் பெரிய கனவு அதற்கும் மேலே. இந்தியாவிலேயே செய்த ஒரு பெரிய தொலைநோக்கி. அது முழுசாவதற்குள் 1982-ல் காலமாகிவிட்டார். உலக வானியல் சங்கத்தின் தலைவராக இருந்த நேரம். வயது 55.

செல்லாத காசு, செல்லும் கண்ணாடி

அந்தக் கனவை மத்தியானமே உள்ளே போய்ப் பார்த்தோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. 1986 ஜனவரி 6-ம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்து, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு பெயரையே வைத்தார்.

இந்தத் தொலைநோக்கியைப் பற்றி எல்லோரும் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. 40 கிலோமீட்டர் தள்ளி வைத்த 25 பைசா நாணயத்தைப் பிரித்துக் காட்டும் கூர்மை! 25 பைசா 2011-லேயே செல்லாக் காசாகிவிட்டது. தொலைநோக்கி இன்னும் செல்லுது!

டூர் போன ஃபீலிங் எல்லாம் போய், லேப்ல நிற்கிற ஃபீலிங் வந்தது இங்கேதான். ஏன்னா, உள்ளே கண்ணில் பட்டதில் முக்கால்வாசி நம்ம சிலபஸ். கண்ணாடியை எடுத்துக்குங்க. பெங்களூருவில், நம்ம ஆட்கள் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றியது. நல்ல தொலைநோக்கிக் கண்ணாடியின் பரப்பில் இருக்கலாம் என்று விடப்படுகிற மேடு பள்ளம், ஒரு தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நம்ம வொர்க்‌ஷாப்பில் ஃபைல் போட்ட பீஸை நினைச்சுப் பார்த்தேன். உடனே வேற விஷயத்துக்கு மாறிட்டேன்.

அப்புறம் தாங்கி நிற்கிற இரும்பு. பூமி சுத்திக்கிட்டே இருக்கு. அதனால் நட்சத்திரம் கண்ணாடிக்கு முன்னாடி நிற்காமல் நழுவிக்கிட்டே இருக்கும். அதை விடாமல் துரத்த, பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சு வைத்து, 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்கிற வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்பணும். அந்த அச்சு தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கணும்? அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. காவலூரில் வெறும் 12.5 டிகிரி. அதாவது, அவ்வளவு பெரிய இரும்பு உருவம், கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கிற அச்சில் திரும்பணும். அதுவும் அதிராமல். மெக்கானிக்கல் பசங்க ரெண்டு பேரும் அங்கிருந்து நகரவே இல்லை. வானியல்னா வானத்தை அண்ணாந்து பார்க்கிறவங்க சமாச்சாரம் மட்டும் இல்லை. தேய்க்கிறவங்க, வெல்டு வைக்கிறவங்க, கியர் வெட்டுறவங்க, சர்க்யூட் போடுறவங்க எல்லாரோட சமாச்சாரமும்தான்.

இன்னொரு கணக்கு, நாங்களே போட்டது. இருட்டுக்குப் பழகின மனிதக் கண்ணின் பாப்பா சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். 2.34 மீட்டரை அதால் வகுத்து, வர்க்கம் எடுத்துப் பாருங்க. ஒரு லட்சத்துக்கும் மேலே! அதாவது, இந்தக் கண்ணாடி ஒரே நேரத்தில் வாரிக்கொள்ளும் வெளிச்சத்தை வாங்க, லட்சம் கண்கள் வேணும்.

அணைஞ்சு எரிஞ்ச நட்சத்திரம்

ஆனா, காவலூரின் பேரை உலகத்துக்குச் சொன்னது இந்தப் பெரிய கண்ணாடி இல்லை. அதற்கு முன்னாடியே வந்துவிட்ட 102 சென்டிமீட்டர்.

1972 ஜூன் 7. வியாழன் கோளின் நிலவான கானிமீட், தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குக் குறுக்கே கடக்கும் என்று கணக்கு. இந்த மாதிரி நேரத்தில் ஒரு எளிய சோதனை செய்யலாம். நிலவுக்குக் காற்றே இல்லைன்னா, டியூப்லைட் சுவிட்சை ஆஃப் பண்ணின மாதிரி நட்சத்திரம் சட்டென்று மறையும். காற்று இருந்தா, படம் ஆரம்பிக்கும் முன்னாடி தியேட்டர் விளக்கு மங்குமே, அப்படி மெதுவா மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் அந்த மறைவைப் பதிவு செய்தாங்க. கானிமீடைச் சுற்றி வாயுப் போர்வை இருக்கிறதுக்கான தடயம் அதில் கிடைச்சது. பின்னால் வாயேஜர் விண்கலம் நெருங்கிப் பார்த்தபோது, அது இருந்தால்கூட நினைத்ததைவிட ரொம்ப ரொம்ப மெல்லியதுதான் என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. இன்று கானிமீடைச் சுற்றி வரவே ஒரு விண்கலம் போய்க்கிட்டிருக்கு. 2023 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய ஜூஸ். 2031-ல் வியாழனை எட்டுவதாகத் திட்டம்.

அடுத்தது 1977 மார்ச் 10. இந்த முறை யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கணும். காவலூரில் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி தயார். யுரேனஸ் நட்சத்திரத்தைத் தொடுவதற்கு இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ளேயே நட்சத்திரத்தின் ஒளி சில நொடி தொபுக்கென்று குறைந்து, மறுபடி ஏறியது.

நடுவுல யார் வந்தது?

ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி இருவரும் அதை ‘நேச்சர்’ இதழில் எழுதினாங்க. யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலவு இருக்கு என்பது அந்தக் கட்டுரை. அதே ராத்திரி, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானம் ஒன்றில் கைப்பர் தொலைநோக்கியும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில், யுரேனஸுக்கு முன்னால் சில முறை ஒளி குறைந்தது. யுரேனஸ் கடந்த பிறகு, அதே இடைவெளிகளில் மறுபடி சில முறை. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் நிலவு என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் மங்கினால்? வளையம்! சனிக்கு மட்டும்தான் வளையம்னு அதுவரை படிச்ச பாடப்புத்தகம் அன்றைக்கு மாறியது. காவலூரில் விழுந்த அந்தச் சில நொடி மங்கலும் அந்த வளையத்துக்கு ஒரு சாட்சி ஆனது.

இதை இன்னொரு முறை யோசிங்க. யுரேனஸின் வளையத்தை அங்கே இருந்த யாரும் ‘பார்க்கலை’. வளையம் விழுங்கின வெளிச்சத்தைத்தான் அளந்தாங்க. இதே தந்திரம்தான் இன்றைக்குப் பெரிய வியாபாரம். தூரத்து நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கோள் கடக்கும்போது ஒளி துளி குறையும். அதை வைத்தே கோளைப் பிடிக்கிறாங்க. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உறுதியான கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தொட்டதாக நாசா அறிவித்தது. அதில் பெரும்பாலானவை இப்படிக் கிடைச்சதுதான்.

கார்த்திகைக்குக் கீழே ஒரு புள்ளி

ஏழே முக்கால் ஆச்சு. மேற்கில் இருந்த கடைசிச் சிவப்பும் போயிடுச்சு. செல்போனை எல்லாம் உறையில் போட்டு வேனிலேயே வைத்துவிட்டோம். கண் இருட்டுக்கு முழுசாப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் ஒரே ஒரு மெசேஜைத் திறந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். டார்ச்சுக்கு மேலே சிவப்பு ஜெலட்டின் தாள். சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது.

முதல் பத்து நிமிஷம் சும்மா வானம். அப்புறம் ஒவ்வொண்ணா, பத்து பத்தா, நூறு நூறா... ‘டேய், இது எங்க இருந்துச்சு இவ்ளோ நாள்?’ என்றான் இ.சி.இ. நண்பன். அவன் பிறந்து வளர்ந்தது முழுக்க சென்னை. பாவம், மிருகசீரிடத்தை அவனுக்குத் தெரியும், ஆனா ஏழு நட்சத்திரமாத்தான் தெரியும்.

கிட்டத்தட்ட தலைக்கு மேலே மிருகசீரிடம். அதன் தோளில் சிவப்பாத் திருவாதிரை. 2019 கடைசியில் திடீர்னு மங்கி ‘வெடிக்கப் போகுதோ’ன்னு உலகத்தையே கலவரப்படுத்தின அதே நட்சத்திரம். அது கக்கின தூசிதான் மறைச்சது என்று பிறகு கண்டுபிடிச்சாங்க. 2025 ஜூலையில் அதுக்கு இன்னொரு செய்தி. ஹவாயில் இருக்கிற ஜெமினி நார்த் தொலைநோக்கியில், திருவாதிரைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருப்பதாகத் தெரிய வந்தது. நம்ம தாத்தா பாட்டி காலத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருக்கிற நட்சத்திரத்துக்கு, இத்தனை நாள் கழிச்சு ஒரு ஜோடி! அதுவும் நாங்க பிப்ரவரி 14-ல் அதைப் பார்க்கிறோம்...

தெற்கே தாழ்வாக அகத்தியர். கேனபஸ்னு புத்தகத்தில் படிப்பீங்களே, அதேதான். கிழக்கே உயரத்தில் வியாழன். சின்னத் தொலைநோக்கியில் கண் வைத்தால், தட்டையான ஒரு மஞ்சள் பொட்டு, அதோடு ஒரு கோட்டில் நிலவுகள். அந்த நிலவுகளில் மிகப் பெரியதுதான் கானிமீட். இதே மலையிலிருந்து 54 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நட்சத்திரத்தை மறைச்சுக் காட்டின அதே ஆள்.

ஆனா, நாங்க காத்திருந்தது இன்னொருத்தருக்கு. தலைக்கு மேலே, கொஞ்சம் மேற்கே, கார்த்திகைக் கூட்டம். பைனாகுலரில் கார்த்திகையைப் பிடித்து, அங்கிருந்து ஐந்து டிகிரி அளவுக்குத் தெற்கே இறக்கினால், நகராமல் நிற்கிற ஒரு மங்கலான புள்ளி. ட்ரிபிள்ஈ தோழிதான் வரைபடத்தை வச்சு அதைப் பிடிச்சா. லேசான பச்சையோ நீலமோ, சொல்ல முடியலை. ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்தோம். யாரும் பேசலை.

யுரேனஸ்.

அழகா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை. ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனா அந்தப் புள்ளிக்கு வளையம் உண்டுன்னு சொன்ன சாட்சிகளில் ஒன்று, நாங்க நின்ன இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கு. 2025 பிப்ரவரி 2-ம் தேதி ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், யுரேனஸுக்கு இன்னொரு நிலவு சிக்கியது. விட்டம் சுமார் 10 கிலோமீட்டர். ஆகஸ்டில் அறிவித்தார்கள். யுரேனஸின் 29-வது நிலவு. காவலூரில் 1977-ல் ‘புது நிலவு’ன்னு எழுதினது வளையமா மாறுச்சு. 48 வருஷம் கழிச்சு, அதே கோளில் நிஜமாவே புது நிலவு!

சின்னக் கண்ணாடி போதும்

‘வெப் மாதிரி விண்வெளியில் இருந்தாத்தானே இனிமே கண்டுபிடிக்க முடியும்? நம்ம மலைக்கு என்ன வேலை?’ இது சிவில் நண்பனின் கேள்வி. நியாயமான கேள்வி.

பதில், 1988 பிப்ரவரி 17. காவலூரில் ‘கல்கி’ என்ற பெயரில் சிறுகோள் வேட்டை நடந்துகொண்டிருந்தது. கருவி, 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. ஆர். ராஜமோகன் ஒரு புதுச் சிறுகோளைப் பிடித்தார். எண் 4130. பெயர் ராமானுஜன்! நம்ம கணித மேதையேதான். அதற்கு முன்னால், 1861-ல் சென்னை வானாய்வகத்திலிருந்து போக்சன் பிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ன்னு பேர். ஆசியக் கண்டத்திலிருந்தே முதன்முதலில் பிடிபட்ட சிறுகோள் அது.

அதெல்லாம் பழைய கதைங்கிறீங்களா? சரி, 2025 ஜூலை 1. வேறொரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி, நம்ம சூரியக் குடும்பத்துக்குள்ளே நுழைஞ்ச வால்நட்சத்திரம் 3ஐ அட்லஸ். இப்படி வெளியூரிலிருந்து வந்த மூணாவது விருந்தாளி. 2017-ல் ஓமுவாமுவா, 2019-ல் போரிசோவ், அப்புறம் இது. இதைப் பிடிச்சது பெரிய தொலைநோக்கி இல்லை. சிலியில், அட்லஸ் திட்டத்தின் அரை மீட்டர் தொலைநோக்கி! நம்ம ஷ்மிட்டைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் பெருசு.

அப்போ, சின்னக் கண்ணாடிக்கு இன்னும் வேலை இருக்கு. ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன். சுத்தி இருட்டு இருக்கணும்.

ஆய்வகத்தின் மிக முக்கியமான கருவி எதுன்னு யாராவது கேட்டா, 2.34 மீட்டர்னு சொல்லத் தோணும். இல்லை. அந்தக் கருவி காம்பவுண்டுக்குள்ளேயே கிடையாது. வெளியே, காட்டுக்கு மேலேயும் ஊருக்கு மேலேயும் பரந்து கிடக்கு. கண்ணாடி மங்கினா திரும்ப அலுமினியப் பூச்சு போடலாம். கேமரா பழசானா புதுசு வாங்கலாம். இருட்டு போச்சுன்னா எந்தக் கடையில வாங்குறது?

வடமேற்கு அடிவானம் அன்றைக்கு லேசா வெளுத்திருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம். சூரியன் மறைஞ்சது மேற்கே, மூணு மணி நேரத்துக்கு முன்னாடி. அது சூரிய வெளிச்சம் இல்லை.

புளியமரத்துக்கு எதுக்கு லைட்டு?

பத்து மணிக்கு இறங்க ஆரம்பிச்சோம். வேனில் ஒரே ஆவேசப் பேச்சு. ‘இந்த ஏரியாவுல தெரு விளக்கே வைக்கக் கூடாது’, ‘ஒன்பது மணிக்கு மேல எல்லாத்தையும் அணைக்கணும்’னு ஆளாளுக்குச் சட்டம் போட்டுக்கிட்டு வந்தோம். வேன் அண்ணன் பொறுமையாக் கேட்டுக்கிட்டே ஓட்டினார். கடைசியில் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

‘‘தம்பி, கரடி நடமாடுற மலை இது. எங்க பக்கத்துக்கு லைட்டு வந்ததே லேட்டு. எம் பொண்ணு எட்டு மணிக்கு டியூஷன் முடிச்சு நடந்து வருது. அணைங்கன்னு நீங்க சுலபமா சொல்லிடுவீங்க. நான் என்ன பண்ண?’’

வேனில் சத்தமே இல்லை. அவர் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. எங்களுக்கு இருட்டு ஒரு நாள் டூர். அவருக்கு அது தினமும் பொண்ணு நடக்கிற வழி.

கொஞ்ச தூரம் போனதும் ட்ரிபிள்ஈ தோழி கேட்டா. ‘‘அண்ணே, அந்த லைட்டு எந்தப் பக்கம் பார்த்து எரியுது?’’

அவருக்குப் புரியலை. அடுத்து வந்த ஊரில், ரோட்டோரத்தில் ஒரு விளக்கு. ‘‘இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே’’ என்றாள். இறங்கிப் பார்த்தோம். கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு. அதன் முகம் ரோட்டைப் பார்க்கலை. சாய்வா மேலே தூக்கிக்கிட்டு, எதிரே இருந்த புளியமரத்து உச்சியைப் பளபளன்னு காட்டிக்கிட்டு இருந்தது. அதையும் தாண்டி வானத்துக்கு. கீழே ரோட்டில், கம்பத்துக்குப் பக்கத்திலேயே, நல்ல இருட்டு.

வேன் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். அப்புறம் சிரிச்சார். ‘‘புளியமரத்துக்கு எதுக்கு பாப்பா லைட்டு? அது என்ன டியூஷனா போகுது?’’

அந்த ஒரு வரியில் மொத்தப் பிரச்னையும் அடங்கிடுச்சு. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சண்டையே இல்லை. வானத்துக்குப் போகிற வெளிச்சம், ரோட்டுக்கு வந்திருக்க வேண்டிய வெளிச்சம். காசு கொடுத்து வாங்கின கரன்ட்டில், பொண்ணு நடக்கிற பாதைக்குப் பாதி, புளியமரத்துக்குப் பாதின்னு பங்கு போட்டுக்கிட்டிருக்கோம். விளக்கின் முகத்தைத் தரைக்குத் திருப்பி, மேலே ஒரு மூடி போட்டால், அதே கரன்ட்டில் பாதை பிரகாசமாகும், வானம் இருட்டாகும். அவருக்கும் லாபம், ஆய்வகத்துக்கும் லாபம். நிறமும் முக்கியம். நீலம் கலந்த பளீர் வெள்ளை, காற்றில் அதிகமாச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கும். பகல் வானம் நீலமா இருக்கிறதுக்கும் அதே காரணம்தான், பிளஸ் டூ பிசிக்ஸ். 3,000 கெல்வினுக்குக் கீழே உள்ள மஞ்சள் சாயல் விளக்கு போட்டா அந்தச் சிதறல் குறையும்.

இதெல்லாம் நடக்கிற காரியமான்னு கேட்டா, நடந்திருக்கு. லடாக்கில் ஹான்லே. அங்கேயும் இதே நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கு. 2022-ல் அதைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருண்ட வானக் காப்பகமாக அறிவிச்சாங்க. ஊர் மக்களை விரட்டலை. விளக்குக்கு மூடி, ஜன்னலுக்குத் திரை. அந்த ஊர்க்காரங்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தாங்க. வர்ற டூரிஸ்ட்டுக்கு அவங்களே வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறாங்க. இருட்டையே விளைச்சலாக்கிட்டாங்க.

அவசரம் என்னன்னா, நேரம் கம்மி. 2011 முதல் 2022 வரை, உலகம் முழுக்க சாதாரண ஆட்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த 51,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வானம் வருஷத்துக்குச் சராசரியா 9.6 சதவிகிதம் வெளிச்சமாகிக்கிட்டு வருதாம். இன்னைக்கு 250 நட்சத்திரம் தெரிகிற ஊரில் பிறக்கிற குழந்தை, காலேஜ் சேர்கிற வயசில் எண்ணினால் 100 தான் இருக்கும். நம்ம ஜூனியர் பேட்ச் கணக்கில் யோசிங்க. ஒரு தலைமுறைகூட ஆகலை.

உங்க மொட்டை மாடிக்கு ஹோம்வொர்க்

காவலூர் போகணும்னு ஆசையா? தாராளமாப் போங்க. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறது வழக்கம். மழைக் காலத்தில் மாறும். அதனால் கிளம்பும் முன்னாடி இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துடுங்க. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவா இருக்க வாய்ப்பு அதிகம். அமாவாசையை ஒட்டின சனிக்கிழமை கிடைச்சா ஜாக்பாட்.

போக முடியாதவங்களுக்கு, செலவே இல்லாத ஒரு வேலை. மேலே சொன்ன 51,000 குறிப்புகளும் ‘குளோப் அட் நைட்’ என்கிற திட்டத்தில் வந்தவை. 2006-லிருந்து நடக்குது. அதில் கருவியே உங்க கண்தான். செய்முறை இதுதான்.

ஒண்ணு. அமாவாசையை ஒட்டின ஒரு ராத்திரியில், ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போங்க. குளிர்காலம்னா மிருகசீரிடம். ஜூன் தாண்டிட்டா விருச்சிகம். ரெண்டுமே கண்டுபிடிக்க ஈஸி.

ரெண்டு. செல்போனை ரூமிலேயே விட்டுடுங்க. இருபது நிமிஷம் சும்மா உட்காருங்க. பேசலாம், தப்பில்லை.

மூணு. மிருகசீரிடத்தின் நாலு மூலை நட்சத்திரங்களுக்குள்ளே எத்தனை நட்சத்திரம் தெரியுதுன்னு எண்ணுங்க. நடுவுல இருக்கிற மூணையும் சேர்த்துத்தான். தேதி, நேரம், எண்ணிக்கை மூணையும் நோட்டில் எழுதுங்க. அடுத்த வருஷம் அதே மாசம், அதே மாடி, மறுபடி.

நாலு. எண்ணி முடிச்சதும் கீழே பாருங்க. கேம்பஸில் எந்தெந்த விளக்கு வானத்தைப் பார்த்து எரியுதுன்னு ஒரு லிஸ்ட். கிரவுண்டு ஃபோகஸ் லைட், கேட் பக்கத்து விளக்கு, எலெக்ட்ரிக்கல் பிளாக் வாசல்... இதை ஒரு மினி புராஜெக்ட்டாவே செய்யலாம். நாங்க எங்க காலேஜில் ஆரம்பிச்சிருக்கோம். முதல் நாள் சுற்றியதில் 61 விளக்கு பார்த்தோம், 23 மேலே பார்த்துக்கிட்டு இருந்தது. மூடியும் போடணும், கோணமும் திருத்தணும். மெயின்டனன்ஸ் பிரிவுக்கு லெட்டர் கொடுத்திருக்கோம். ஏணி கொடுத்தா மீதியை நாங்களே பார்த்துக்கிறோம்னு அதில் எழுதியிருக்கோம்.